பாட்டுக்குப் போட்ட சாம்பிள் ஆல்பம்

“சிடி வாங்குறதா, இல்ல பாட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிறதா, எது நல்லது?” என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்லத் துடிக்கும் வாயைக் கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள். வீட்டு மியூசிக் சிஸ்டம் விற்கிற தொழிலுக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். கம்பெனிக்காரர்கள் பயிற்சி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், எதைக் கேட்டாலும் மளமளவென்று ஒப்பிக்கிறீர்கள். கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது. ஆனால் நீங்கள் பெட்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள். வந்தவர் கேட்டது தன் வீட்டைப் பற்றி.

நான் விருதுநகர் பஜாரில் ஒரு கடையில் பில் போட உட்கார்ந்தவள். பில் போட்டுக்கொண்டே சிஸ்டம் ஓட்டிக் காட்டக் கற்றுக்கொண்டு, கடைசியில் வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுத்து, ஓய்வு பெறும்வரை அந்த ஒரே கடையில் இருந்தேன். “பொம்பளைக்கு வயர் மாட்டத் தெரியுமா?” என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. அவர்கள் வீட்டிலெல்லாம் நான் மாட்டிய ஸ்பீக்கர் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. இது தற்பெருமைதான். இப்போது சொல்லப்போவதும் பெருமையடித்துக்கொள்ளும் கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது. கேசட்டை ஓரங்கட்டிவிட்டு சிடி சம்மணம் போட்டு உட்காருவதற்குள் எம்பி3 வந்து கதவைத் தட்டிவிட்ட காலம். சூலக்கரைப் பக்கம் அரசு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் ஃபைல்தான் கேட்பார்கள். அடுத்த டிரான்ஸ்ஃபருக்கு மூட்டை குறையும். சிவகாசி முதலாளிமார் வீடுகளில் சிடிதான் வேண்டும். கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்றால் வருகிறவர்கள் கண்ணில் படும். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான் என்று இரண்டையும் விற்றுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சிவகாசியிலிருந்து ஒரு போன் வந்தது. காலண்டர் அடிக்கிற பிரஸ் வைத்திருக்கும் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் எங்கள் கடைக்குப் பல வருட வாடிக்கை. நாதஸ்வரம், பழைய சினிமாப் பாட்டு, சாமி பாட்டு என்று அலமாரி கொள்ளாத அளவுக்குச் சிடி வைத்திருந்தார். பேசியது அவருடைய மருமகள்.

“அக்கா, மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் வரல. பேச்சு நல்லா இருக்கு, புத்தி நல்லா இருக்கு. ஆனா பாட்டு கேக்குறதை விட்டுட்டாக. நீங்க ஒரு எட்டு வந்து பாருங்களேன்.”

“ஏன் விட்டாரு?”

“சிடி டப்பாவைத் திறக்க ரெண்டு கை வேணும்ல? ஒரு நாள் பல்லால கடிச்சுத் திறந்தாக. டப்பா உடைஞ்சு, சிடி கீழ விழுந்து உருண்டுச்சு. நான் ஓடிப்போய் எடுத்துக் குடுத்தேன். அதோட சரி. ‘ஒரு பாட்டுக்கு ஒருத்தரைக் கூப்பிட்டு நிக்கணுமா’ன்னு சொல்லிட்டுச் சுவரைப் பாத்துத் திரும்பிட்டாக. முன்னெல்லாம் சத்தம் போட்டு வீட்டை ரெண்டாக்குவாக. இப்ப சும்மா இருக்காக. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

இத்தனை வருடம் சிடி விற்ற எனக்கு, அந்த டப்பாவைத் திறக்க இரண்டு கை வேண்டும் என்பது அதுவரை தோன்றியதே இல்லை. இரண்டு கையும் உள்ளவளுக்கு எப்படித் தோன்றும்? மறுநாளே கிளம்பிவிட்டேன்.

போனால், அங்கே மகன் எனக்கு முன்னால் பாதி வேலையை முடித்து வைத்திருந்தார். பிரஸ்ஸை இப்போது அவர்தான் பார்க்கிறார். அப்பா மேல் உயிர். ஆனால் காலண்டர் சீசன், ஓடிக்கொண்டே இருக்கும் மனிதர். அப்பாவால் மாடி ஏற முடியாததால் ஹாலிலேயே கட்டில் போட முடிவு செய்திருந்தார்கள். கட்டிலுக்கு இடம் வேண்டுமென்றால் சிடி அலமாரி வெளியே போக வேண்டும். ஆவணி பிறந்ததும் நல்ல நாள் குறித்தாயிற்று. சிடி எல்லாம் ஆனைக்குட்டம் போகிற வழியில் இருக்கும் அவர்களுடைய குடோனுக்குப் போவதாக ஏற்பாடு. தகரக் கூரை போட்ட குடோன். சிவகாசி வெயிலில் அதற்குள் வைத்தால் சிடி அப்பளமாகிவிடும். அதனால் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன்களை உட்கார வைத்து, எல்லாப் பாட்டையும் முன்கூட்டியே ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். நான் போய் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் இணைத்துக் கொடுத்தால் முடிந்தது.

“பாருங்கக்கா, ஒரு சிடியும் விடல,” என்று திரையைக் காட்டினார்.

பார்த்தேன். ஜாப் 1, ஜாப் 2, ஜாப் 3 என்று ஃபோல்டர்கள் வரிசையாகக் கீழே போய்க்கொண்டே இருந்தன. பிரஸ்ஸில் எந்த வேலை வந்தாலும் ஒரு ஜாப் நம்பர் போட்டுத்தான் சேமிப்பார்கள். பையன்கள் அதே பழக்கத்தில் பாட்டுக்கும் போட்டுவிட்டார்கள். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் ட்ராக் 1, ட்ராக் 2, ட்ராக் 3. அடுத்ததைத் திறந்தாலும் அதேதான். அந்த வீட்டில் இருந்த அத்தனை பாட்டும் பெயர் இல்லாமல் உள்ளே கிடந்தன.

பெரியவர் ஜன்னலோரம் நாற்காலியில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மகன் ஏதோ ஒரு ஃபோல்டரைத் தட்டினார். நாதஸ்வரம் வந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பெரியவர் திரும்பாமலே சொன்னார்.

“ரிஜிஸ்டர் விலகி இருக்குலே.”

அச்சுத் தொழிலில் நான்கு வண்ணத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடிப்பார்கள். ஒன்று இம்மி நகர்ந்தாலும் படத்தின் ஓரத்தில் நிழல் தட்டும். அதைத்தான் ரிஜிஸ்டர் விலகுவது என்பார்கள். பாட்டுக்கு அப்படி ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

“அப்பா, அதே சிடில இருந்து எடுத்த பாட்டுதான்ப்பா,” என்றார் மகன்.

“எனக்கு வேண்டாம். சிடி இந்த வீட்டை விட்டுப் போனா பாட்டும் போயிரட்டும். அந்தப் பொட்டியையும் தூக்கிட்டுப் போங்க.”

“அலமாரியைத் திறந்து ஒரு சிடி எடுக்க முடியுமாப்பா உங்களால?” என்று மகன் கேட்டுவிட்டார். கேட்ட மறு நொடி அவர் முகமே சுருங்கிப் போயிற்று. வாய்தவறி வந்துவிட்டது. மருமகள் சமையலறை வாசலில் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நான் வெளியே வந்து கடை முதலாளிக்குப் போன் போட்டேன். கடையில் ஒரு பெரிய மெஷின் விற்காமல் இருந்தது. நூற்றுக்கணக்கான சிடியை அதற்குள் ஒரே தடவை அடுக்கிவிட்டால் போதும், ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் எடுத்துப் பாடும். அதைத் தள்ளிவிடலாமா என்ற எண்ணம் எனக்கு வந்தது. ஆனால் அந்த அலமாரிச் சிடியில் பாதிகூட அதில் அடங்காது. எந்த எண்ணில் எந்தப் பாட்டு என்று அவருக்குத் தெரியவும் செய்யாது. முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன்.

“நீ அங்கன இருக்க, நான் இங்கன இருக்கேன். நான் என்னத்தைச் சொல்ல?” என்றார் அவர். “ஆர்டர் போனா போகட்டும். அந்த வீட்டை விட்டுராத.”

போனை வைத்துவிட்டார். தொழிலில் எனக்குக் கிடைத்த வழிகாட்டல் எல்லாம் இந்த அளவுக்குத்தான் இருக்கும். அவர் விலாவாரியாகச் சொல்லியிருந்தால் நான் அதன்படி செய்துவிட்டு வந்திருப்பேன், காரியம் கெட்டிருக்கும்.

திரும்ப உள்ளே போகும்போது வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சேலத்துக் காலண்டர் ஏஜென்ட். சிவகாசியில் ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் போடுவார்கள். அந்த வருடம் அடிக்கப்போகிற எல்லாப் படத்திலும் ஒவ்வொன்று வைத்து, கீழே நம்பர் போட்டு, கெட்டியாக பைண்டு செய்த பெரிய புத்தகம் அது. ஏஜென்ட்கள் அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவார்கள். கடைக்காரர் புரட்டிப் பார்த்து, ஒரு படத்தில் விரலை வைத்து நம்பரைச் சொன்னால் ஆர்டர் ஆகிவிடும். அந்த மனிதர் வருடா வருடம் பெரியவர் கையால்தான் ஆல்பம் வாங்கிப் போவாராம்.

“உங்க கையால வாங்கிட்டுப் போனாத்தாங்க எனக்கு ஆர்டர் ஓடும்,” என்று ஆல்பத்தைப் பெரியவர் மடியில் வைத்தார்.

பெரியவரின் இடது கை அட்டையைத் தூக்கியது. ஒரே கைதான். விரல் தாளின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டி, உள்ளங்கை அதை அழுத்தி, அடுத்ததற்குப் போயிற்று. ஒரு தடுமாற்றம் இல்லை.

“நாலாம் நம்பர்ல மயிலுக்குப் பச்சை கூடிப்போச்சு. பதினேழு ஓடும், உங்க ஊர்ல நல்லா ஓடும். ஏலே, இந்த இருபத்தி மூணை ஏம்லே திரும்பப் போட்ட? போன வருஷமே அம்புட்டும் தங்கிப்போச்சே!”

அந்தக் குரல்! சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆள்தானா இவர் என்று இருந்தது. மருமகள் வாசலில் நின்றபடி சிரித்துவிட்டாள். வழியைப் பிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் குதித்தேன். ஏஜென்ட் விடைபெற்றுப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பிறகு மகனிடம் கேட்டேன்.

“கம்ப்யூட்டர்ல ஜாப் ஐம்பதுன்னு இருக்குல்ல, அதுல என்ன பாட்டு?”

அவர் விழித்தார். “அது... போட்டாத்தான்க்கா தெரியும்.”

“நம்பர் போட்டீங்க. ஆல்பம் போடலையே?”

மனிதர் அப்பாவின் மடியைத் திரும்பிப் பார்த்தார். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சிடி டப்பாவுக்குள்ளும் ஒரு அட்டைப் படம் இருக்கிறது. அதையெல்லாம் எடுத்து, காலண்டர் ஆல்பம் மாதிரியே தாளில் ஒட்டி, கீழே நம்பர் போட வேண்டும். கம்ப்யூட்டருக்குள் அதே நம்பரில் பாட்டு. கணக்குப் பார்ப்பவர்கள் வைத்திருப்பார்களே, எண்கள் மட்டும் உள்ள சின்ன கீபோர்டு, அதைப் பெரியவரின் இடது கைப் பக்கம் வைத்துவிட வேண்டியது. ஆல்பத்தைப் புரட்டி, நம்பரை அழுத்தினால் பாட்டு. திரையே தேவையில்லை.

“இன்னொண்ணு,” என்றேன். “அப்பா சொன்னது நிஜம். ஃபைல் அளவைப் பாத்தேன். உங்க பையன்க, கஸ்டமருக்கு மெயில்ல ப்ரூஃப் அனுப்புறப்போ படத்தைச் சுருக்குற மாதிரி பாட்டையும் சுருக்கிட்டாங்க. இடம் மிச்சம் பண்ணியிருக்காங்க.”

“லோ-ரெஸ்ஸா!” என்று தலையில் கை வைத்தார் மகன். “லோ-ரெஸ்ஸையா அப்பாவுக்கு ஓட்டிக் காட்டுனேன்?”

பெரியவர் நாற்காலியில் இருந்தபடி எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தார். “அப்ப என் காது சரியாத்தான் இருக்கு,” என்றார்.

“ரொம்பச் சரியா இருக்கு அண்ணாச்சி. திரும்ப முழு அளவுல எடுக்கணும். அதுக்குச் சிடி வேணும். எடுத்து முடிச்சப்புறமும் வேணும்.” மகன் பக்கம் திரும்பிக் கேட்டேன். “நீங்க காலண்டர் அடிச்சு முடிச்சதும் ஃபிலிமைத் தூக்கிப் போட்டுருவீங்களா?”

“அது எப்படிக்கா? ஃபிலிம் போச்சுன்னா திரும்ப எதை வச்சு அடிக்கிறது?”

“சிடிதான் ஃபிலிம். கம்ப்யூட்டர்ல இருக்குறது அடிச்ச தாள்.”

அதற்குமேல் ஒரு வார்த்தை பேசத் தேவைப்படவில்லை. சிடி குடோனுக்குப் போகக்கூடாது, பிரஸ்ஸில் ஏசி போட்ட ஃபிலிம் அறை இருக்கிறது, அதில் இதே நம்பர் வரிசையில் அடுக்கலாம் என்று மகனே சொன்னார். அலமாரி போகலாம், கட்டில் வரலாம்.

ஆனால் பெரியவர் இன்னும் சரி சொல்லவில்லை. டப்பாவிலிருந்து அட்டைகளை உருவுவது அவருக்குப் பிடிக்காதோ என்று நினைத்தேன்.

“ஏம்மா,” என்றார் கடைசியில். “எது ஒண்ணாம் நம்பர், எது ரெண்டாம் நம்பர்னு யாரு முடிவு பண்றது?”

“நீங்கதான் அண்ணாச்சி. வேற யாரு?”

“அப்பச் சரி. பைண்டிங் ஆளைக் கூப்பிடுலே.”

“சீசன் முடியட்டும்ப்பா. பைண்டிங்ல மூச்சு விட நேரமில்ல,” என்று இழுத்தார் மகன்.

“என் ஆல்பத்துக்கு நேரமில்லாத பைண்டிங் செக்‌ஷன் எனக்கு எதுக்குலே?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்து வந்த நாட்களில் மருமகள்தான் அடிக்கடி போன் செய்தாள். சாப்பாட்டு மேஜை முழுக்க அட்டைகளைப் பரப்பி வைத்திருக்கிறாராம். நாதஸ்வரம் முன்னாலா, சாமி பாட்டு முன்னாலா என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டாராம். “என்னைப் போட்டு வறுத்தெடுக்குறாகக்கா! ஒரு அட்டையைக் கோணலா ஒட்டிட்டேனாம். ஸ்கேலை வச்சுக் காட்டுறாக!” என்று அவள் புகார் சொன்ன அழகில் சந்தோஷம் வழிந்தது. அந்தப் பக்கம் பெரியவர் யாரையோ சத்தம் போடுவது எனக்கும் கேட்டது. கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

நீங்கள் கேட்கலாம், அப்படியானால் கடைசியில் சிடி ஜெயித்ததா, ஃபைல் ஜெயித்ததா என்று. அந்த வீட்டில் எதுவும் தோற்கவில்லை. சத்தம் எதில் சுத்தம், எதில் இடம் மிச்சம் என்பதெல்லாம் தாளில் எழுதியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் பாட்டை எடுத்துப் போடுகிறவர் யார், அவர் கை எதற்குப் பழகியது என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். பார்த்த பிறகு அவர் தொழில் பேச்சிலேயே அவரிடம் பேசுங்கள். லோ-ரெஸ் என்ற ஒரு சொல் செய்த வேலையை, நான் சத்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் செய்திருக்க முடியாது.

ஆவணியில் குறித்த நாளில் கட்டில் இறங்கியது. நானும் எங்கள் கடை சர்வீஸ் இன்ஜினியரும் முந்தின நாளே போய் எல்லாவற்றையும் இணைத்து முடித்திருந்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் எண் கீபோர்டு. பெரியவர் மடியில் ஆல்பம். அச்சு அசல் காலண்டர் ஆல்பமேதான், மேலட்டையில் அந்த வருடத்துப் பிள்ளையார். பிரஸ்ஸிலிருந்து ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், விஸ்வநத்தத்திலிருந்து சம்பந்தி வீட்டார் என்று ஹால் நிறையக் கூட்டம்.

மகனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. புது மெஷினுக்குப் பூஜை போட்டால் முதல் பட்டனை அவர்தான் தட்டுவார். அதே வேகத்தில் வந்து ஒன்றாம் நம்பரைத் தட்டிவிட்டார். நாதஸ்வரம் ஹாலை நிறைத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார், ஆனால் கை சும்மா ஆல்பத்தின் மேல் கிடந்தது. அவர்தான் தட்ட வேண்டும் என்று நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கக்கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை பாடுபட்டு, மறுபடியும் இன்னொருவர் கையால்தானா அவருக்குப் பாட்டு?

பாதிப் பாட்டில் கரண்ட் போயிற்று.

அந்த வருடங்களில் கரண்ட் போவது பெரிய விஷயமா? விசிறி மட்டை தேடினார்கள், ஜன்னலைத் திறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் தானாகவே விழித்துக்கொள்ளும்படி எங்கள் இன்ஜினியர் செய்திருந்தார், அது மெதுவாக விழித்து ஒரு சின்ன மணி அடித்தது. அடித்ததுதான் தாமதம், மகன் ஒரு பக்கம், இன்ஜினியர் ஒரு பக்கம், பிரஸ் ஆள் ஒருவர் என்று எல்லோரும் ஸ்டூலைப் பார்த்துப் பாய்ந்தார்கள்.

“ஒருத்தரும் கிட்ட வர வேண்டாம்!”

பெரியவரின் இடது கை மேலே உயர்ந்திருந்தது. ஹால் அப்படியே நின்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை. ஆல்பத்தைத் திறந்தார். ஒரு தாள், இன்னொரு தாள். அவசரமே இல்லை. ஒரு அட்டையில் விரலை வைத்தார். பிறகு அந்த விரலே ஸ்டூலுக்குப் போய் நம்பரைத் தட்டியது.

தவில் முதலில் வந்தது, பின்னாலேயே நாதஸ்வரம். மகன் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார், கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். மறைக்க என்ன இருக்கிறது? என் வேலைக்காலம் முழுவதிலும் அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

அந்தப் பாட்டு முடிந்ததும் அவரே அடுத்ததைத் தட்டினார். அது முடிந்ததும் இன்னொன்று. காபி வந்தது, ஆறியது. பிரஸ் ஆட்கள் இரண்டு பேர் தங்களுக்குப் பிடித்த பாட்டைச் சொல்லி வைத்தார்கள். சம்பந்தி வீட்டம்மாள் மெல்ல மருமகளின் காதில் ஏதோ சொன்னாள். மருமகள் தயங்கித் தயங்கிக் கட்டிலருகே போனாள்.

“மாமா, எங்கம்மா ஒரு மாரியம்மன் பாட்டு கேக்கணுங்காக. போடுறீகளா?”

ஒரு பாட்டுக்கு ஒருவரைக் கூப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த மனிதர், ஆல்பத்தை அவள் பக்கம் ஒரு கையால் தள்ளினார்.

“நம்பரைப் பாத்துச் சொல்லு தாயி. வரிசைல வாங்க, இன்னும் ரெண்டு பேர் கேட்டுருக்காக.”